தூரத்துப் பள்ளிக்கூடம் – 19: கரும்பலகை அணைந்த திங்கட்கிழமை

சென்ற வாரம் கொக்குவில் பிறவுண் வீதியில் நின்றோம். திறந்த பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாணப் பிராந்திய நிலையத்துக்குச் சனி, ஞாயிறு காலைகளில் சைக்கிளிலும் பஸ்சிலும் வந்து இறங்கும், காதோரம் நரைத்த மாணவர்களைப் பார்த்தோம். அதற்கும் பல வாரங்களுக்கு முன்பு வைத்தியர் சாமுவேல் கிறீனைச் சந்தித்தோம். 1873இல் மானிப்பாயை விட்டு அமெரிக்கா திரும்பிய பிறகும், அங்கிருந்தபடியே தமிழ் மருத்துவ நூல்களைத் தயாரித்துக் கப்பலில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்த மனிதர் அவர்.

இந்தத் தொடரில் நான் வாரந்தோறும் ஒரே கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்டுவருகிறேன். பாடம் தூரத்திலிருந்து வருகிறது, சரி. வந்த கூலியை யார் கொடுத்தார்?

கிறீன் காலத்தில் மிஷன் கொடுத்தது. லண்டன் பரீட்சைக் காலத்தில் ஈடு வைத்த காணி கொடுத்தது. 1980இல் திறந்த பல்கலைக்கழகம் வந்தபோது அரசு பாதி, படிக்கிறவர் பாதி என்று ஒருவாறு பங்கு பிரிந்தது.

2020இல் அந்தக் கணக்குப் புத்தகம் கிழிந்தது.

* * *

ஐந்து கிழமை லீவு

2020 மார்ச் 12, வியாழக்கிழமை. மறுநாள் முதல் நாட்டின் பாடசாலைகள் எல்லாம் மூடப்படும் என்று அறிவித்தல் வந்தது. சித்திரை வருடப்பிறப்பு விடுமுறையும் சேர்ந்து, ஏப்ரல் 20 வரை.

பிள்ளைகள் துள்ளினார்கள். பெரியவர்களும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. தவணைப் பரீட்சை தள்ளிப்போகும், அவ்வளவுதானே என்ற நினைப்பு.

மார்ச் 20, வெள்ளி பின்னேரம் 6 மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்கு. 22, ஞாயிறு, யாழ்ப்பாணத்தின் முதல் தொற்றாளர் கண்டுபிடிக்கப்பட்டார். அரியாலையில் நடந்த ஓர் ஆராதனையின் வழியே வந்த தொற்று. கொழும்பு, கம்பஹா, களுத்துறை, புத்தளம், கண்டியோடு யாழ்ப்பாணமும் ஆபத்து மிகுந்த மாவட்டங்களின் பட்டியலில் ஏறியது. மற்ற ஊர்களில் இடைக்கிடை தளர்ந்த ஊரடங்கு இங்கே இறுகியது.

ஊரடங்கு என்றால் என்ன என்று யாழ்ப்பாணத்தாருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ஆனால் இது வேறு வகை. முந்திய ஊரடங்குகளில் வீட்டில் மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. ஆனால் பக்கத்து வீட்டு அண்ணை மதிலுக்கு மேலால் கணக்குச் சொல்லித் தருவார். இம்முறை மின்சாரமும் இருந்தது, போனும் இருந்தது. மதிலுக்குக் கிட்டப் போகத்தான் ஏலாது.

தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டு, ஜாம் போத்தல் விளக்கில் உயர்தரம் படித்த தலைமுறை இப்போது தாயும் தகப்பனும். பொருளாதாரத் தடையையே தாண்டினோம், இதென்ன பெரிய விஷயம் என்றுதான் அவர்கள் முதலில் நினைத்தார்கள். அந்தத் தன்னம்பிக்கையில் ஒரு பிழை இருந்தது. ஜாம் போத்தல் விளக்கு ஒன்றைச் சுற்றி நாலு பிள்ளைகள் இருந்து படிக்கலாம். போன் ஒன்றைச் சுற்றி நாலு வகுப்பு நடத்த முடியாது.

* * *

பாலைவனத்துப் பையனின் பரிசு

முதலில் விழித்துக்கொண்டது பல்கலைக்கழகம். அதற்குக் காரணம் 2020இல் இல்லை, முப்பது வருடம் முன்னால் இருக்கிறது.

‘லேர்ன்’ என்று ஒரு வலையமைப்பு. இலங்கைப் பல்கலைக்கழகங்களையும் ஆராய்ச்சி நிறுவனங்களையும் இணைப்பதற்காகத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கணினிப் பேராசிரியர்கள் சிலர் இழுத்த கம்பி. நாட்டில் பொதுசனம் இணையம் என்ற சொல்லைக் கேட்பதற்கு முன்பே அந்த வேலை தொடங்கியிருந்தது. பெருந்தொற்று வந்தபோது விரிவுரைகளைச் சூம் வழியாக நடத்தும் வசதியை லேர்ன் பல்கலைக்கழகங்களுக்கு இலவசமாக எடுத்துக் கொடுத்தது. தொலைபேசி நிறுவனங்களும் ஒத்துக்கொண்டன: பல்கலைக்கழகக் கற்றல் தளங்களுக்குள் போகும் மாணவரிடம் டேற்றாக் காசு அறவிடுவதில்லை.

திருநெல்வேலியில் பரமேஸ்வராச் சந்திக்குப் பக்கத்தில் அறை எடுத்துப் படித்த பிள்ளை, இப்போது மன்னாரிலோ மட்டக்களப்பிலோ தன் வீட்டு விறாந்தையில் இருந்து விரிவுரை கேட்டது. கூலி யாரோ கொடுத்துவிட்டார்கள்.

இங்கே கொஞ்சம் வழி விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கற்றல் தளமும் திறந்த பல்கலைக்கழகத்தின் கற்றல் தளமும் ஓடுவது ‘மூடில்’ என்ற மென்பொருளில். அதை எழுதியவர் மார்ட்டின் டூகியாமாஸ், அவுஸ்திரேலியர். மேற்கு அவுஸ்திரேலியப் பாலைவனத்தின் நடுவே, பள்ளிக்கூடமே இல்லாத ஓர் இடத்தில் வளர்ந்த பையன். அவருக்குப் பாடம் சிற்றலை வானொலியில் வந்தது. கொப்பிகளும் புத்தகங்களும் விமானத்தில் வந்தன. தூரத்திலிருந்து படித்த அந்தப் பையன் வளர்ந்து, தூரத்திலிருந்து படிக்கிறவர்களுக்காக ஒரு வகுப்பறையைச் செய்து, யாரும் காசின்றி எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டார்.

மூடிலின் முதற் பதிப்பு 2002 ஓகஸ்ட்டில் வெளிவந்தது. அதே வருடம் பெப்ரவரியில்தான் இங்கே போர் நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தாகி, ஏ9 வீதி திறக்க வழி பிறந்தது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லைத்தான். ஆனாலும் டைனமோ றேடியோவுக்கு முன் குந்தியிருந்த யாழ்ப்பாணத்துப் பையன்களையும் சிற்றலை வானொலிக்கு முன் இருந்த அந்தப் பாலைவனத்துப் பையனையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்காமல் என்னால் எழுத முடியவில்லை.

* * *

ஒரு போன், மூன்று வகுப்பு

பாடசாலைக்கு லேர்ன் இல்லை.

கல்வி அமைச்சின் ‘ஈ-தக்சலாவ’ தளம் பல வருடமாக இருந்தது. நேத்ரா தொலைக்காட்சியில் தமிழில் பாடம் ஓடியது. பாடத்துக்குக் குறைவில்லை. ஆனால் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குத் தேவைப்பட்டது தன் ரீச்சரின் குரல். அந்தக் குரலைக் கொண்டுபோகும் வண்டியை யாரும் ஏற்பாடு செய்யவில்லை. ரீச்சரே ஏற்பாடு செய்தார். வண்டியின் பெயர் வட்ஸ்அப்.

2019இல் இலங்கையில் ஏறக்குறைய ஐந்து வீட்டுக்கு ஒரு வீட்டில்தான் கணினி இருந்தது. போன் அநேகமாக எல்லா வீட்டிலும் இருந்தது. ஆனால் அந்தப் போன் யாருடையது? அப்பாவுடையது. அப்பா காலையில் சந்தைக்கோ கடலுக்கோ போகும்போது போனும் சட்டைப் பையில் போய்விடும். இரவு அவர் திரும்பியதும், காலை 8 மணிக்கு ரீச்சர் போட்ட குரல் பதிவுகள் ஒவ்வொன்றாக இறங்கும். மூத்தவளுக்கு விஞ்ஞானம், நடுவிலானுக்கு வரலாறு, கடைசிக்கு ‘அ’ எழுதும் படம். மூன்றும் ஒரே திரையில், பற்றரி தீரும் வரை.

ரீச்சரின் பக்கத்தையும் பாருங்கள். இருபது வருடம் கரும்பலகையில் எழுதிய கை. ஒரு வெள்ளைத் தாளில் பாடத்தை எழுதி, படம் எடுத்து, குழுவில் போட்டு, குரலில் விளக்கம் சொல்லி, பிள்ளைகள் அனுப்பும் மங்கலான கொப்பிப் படங்களைப் பெருப்பித்துப் பெருப்பித்துத் திருத்தி, இரவு 11 மணிக்கு வரும் “மிஸ், இது விளங்கேல்லை” என்ற செய்திக்கும் பதில் போட்டு. சூம் எப்படித் திறப்பது என்று அவருக்குக் காட்டிக் கொடுத்தது பெரும்பாலும் அவருடைய சொந்த மகன், இல்லாவிட்டால் பத்தாம் வகுப்பில் இருந்த ஒரு கெட்டிக்காரப் பெடியன்.

தொழில் செய்துகொண்டிருப்பவரை அந்தத் தொழிலுக்கு மறுபடி பழக்குவதைப் பற்றி மாநாடுகளில் எவ்வளவோ பேசுகிறார்கள். இலங்கையின் மிகப் பெரிய தொழிற்பயிற்சி ஒன்று அந்த மார்ச்சுக்கும் ஜூனுக்கும் இடையில், பயிற்றுநர் இல்லாமல், பாடத்திட்டம் இல்லாமல், படி காசு இல்லாமல், வீட்டுக் குசினி மேசைகளில் நடந்து முடிந்தது. அதற்கு யாரும் சான்றிதழ் கொடுக்கவில்லை.

சிக்னல் பிரச்சினை நாடு முழுவதும் இருந்தது. பதுளைப் பக்கம் போகிட்டியாவ என்ற கிராமத்தில் ஆசிரியரும் பிள்ளைகளும் காட்டுக்குள்ளால் நடந்து, பாறையின் மேல் ஏறி நின்று பாடம் இறக்கிய படங்கள் உலகப் பத்திரிகைகளில் வந்தன. எங்களுக்கு அந்த வசதியும் இல்லை. குடாநாட்டில் மலை என்று சொல்ல இருப்பது கீரிமலை. அதிலும் மலை பெயரில் மட்டும்தான். மொட்டைமாடிக்கும் தண்ணீர்த் தாங்கிக்கும் ஏறினார்கள். தீவுப் பகுதியில் கடற்கரை மணலில் குடையோடு இருந்தார்கள்.

போன் வாங்க நகை அடகுக் கடைக்குப் போனது. கொஞ்சம் வசதியான கல்லூரிகளுக்கு ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் பழைய மாணவர் சங்கங்கள் கைகொடுத்தன; ரப்லெட்டுகள் வந்தன. பழைய மாணவர் வெளிநாடு போகாத பள்ளிக்கூடங்களும் இருக்கின்றன. அவற்றைப் பற்றி அப்போது யாரும் செய்தி எழுதவில்லை.

* * *

மூத்தவர்களுக்குத் திறந்த கதவு

இதே மாதங்களில் ஒரு கூட்டத்துக்கு மட்டும் வாழ்க்கை இலேசானது. சொன்னால் நம்பமாட்டீர்கள்: வேலை செய்துகொண்டே படித்தவர்களுக்கு.

திறந்த பல்கலைக்கழகம் எப்படி உருவானது என்று பதினேழாவது பகுதியில் பார்த்தோம். 1972இல் தொடங்கிய வெளிவாரிச் சேவைகள் முகவரகமும் 1976இல் தொடங்கிய தொலைக்கல்வி நிறுவகமும் 1980இல் ஒன்றாகி, நாவலையைத் தலைமையாகக் கொண்டு வந்தது அது. 18 வயது நிரம்பியிருந்தால் உயர்தரச் சித்தி இல்லாதவரும் அடிப்படைப் பாடநெறி வழியாக உள்ளே போகலாம். தரப்படுத்தலில் வாசலோடு திருப்பி அனுப்பப்பட்ட தலைமுறை ஒன்றுக்கு அது என்ன அர்த்தம் என்று யாழ்ப்பாணத்தில் விளக்க வேண்டியதில்லை.

கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 1994இல் தொடங்கிய தாதியியல் பட்டம் ஒரு நல்ல உதாரணம். போதனா வைத்தியசாலையில் கடமை பார்க்கும் தாதி ஒருவர், சீருடையைக் கழற்றாமலே பட்டதாரி ஆகலாம். ஆசிரியர்களுக்கான பட்டப்பின் கல்வி டிப்ளோமாவும் அதே மாதிரி.

ஆனால் தொலைக்கல்வி என்ற பெயருக்குள் எவ்வளவு பயணம் ஒளிந்திருந்தது! அச்சடித்த பாடநூல் தபாலில் வரும், உண்மை. வகுப்புக்குப் போக வேண்டும். செய்முறைக்குப் போக வேண்டும். சில பாடங்களுக்குக் கொழும்புக்கே இரவு பஸ் ஏற வேண்டும். இரவுக் கடமை முடித்த தாதி, காலை வகுப்புக்குக் கொக்குவிலுக்கு ஓடிவந்து பின் வாங்கில் கண் சொருகுவது சாதாரணக் காட்சி. கைக்குழந்தைக்காரிகள் பாதியில் விட்டுவிட்டுப் போனார்கள். பெயர்ப் பட்டியலில் ஒரு கோடு விழும், அவ்வளவுதான்.

2020இல் அந்த வகுப்புகள் மூடிலுக்கும் சூமுக்கும் ஏறியபோது, நாற்பது வருடமாக யாரும் வெட்டித் தராத ஒரு குறுக்குப் பாதை தற்செயலாகத் திறந்தது. குழந்தை மடியில் கிடக்க விரிவுரை கேட்கலாம். தவறவிட்டால் பதிவை இரவில் கேட்கலாம். முன்பு விட்டுவிட்டுப் போன சிலர் திரும்பி வந்தார்கள்.

ரியூட்டரிகளும் சும்மா இருக்கவில்லை. யாழ்ப்பாணத்து ரியூட்டரி ஆசிரியர் என்றால் சந்திக்குச் சந்தி பதாகை தொங்கும் ஆள். கொட்டிலுக்குள் முந்நூறு பேரை அடைத்துப் படிப்பித்தவர் இப்போது கிளிநொச்சிப் பிள்ளைக்கும் திருகோணமலைப் பிள்ளைக்கும் ஒரே இரவில் கணிதம் சொன்னார். இங்கே இரவு 7 மணி என்றால் கோடைகாலத்து ரொறன்ரோவில் காலை 9.30. அங்கிருந்தும் சில பிள்ளைகள் தமிழ் படிக்க எட்டிப் பார்த்தார்கள். கட்டணம் வங்கிக்கு வந்தது. கட்டாதவரை வகுப்புக்குள் விடாமல் நிறுத்த, கொட்டில் வாசலில் நின்று ரிக்கற் பார்க்கும் பெடியன் இனித் தேவையில்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

கவனியுங்கள். ஒரே திரை. பல்கலைக்கழக மாணவருக்கு டேற்றா இலவசம். தாதிக்குப் பயணச் செலவு மிச்சம். ரியூட்டரி ஆசிரியருக்கு வருமானம். பாடசாலை ஆசிரியர் மட்டும் ஒவ்வொரு மாதமும் சொந்தக் காசில் றீலோட் செய்தார்.

எங்கள் ஊர்க் கடைக்காரர் ஒருவர் சொன்ன கணக்கு இன்னும் நினைவில் இருக்கிறது: “முந்தி ரீச்சர்மார் சம்பளத்தன்று மீன் வாங்குவினம். இப்ப காட் வாங்கினம்.”

* * *

2021 ஜூலை 8

இனி மெதுவாகப் போவோம்.

இடையில் பாடசாலைகள் திறந்தன, மூடின, மறுபடி திறந்தன. 2021 ஏப்ரல் இறுதியில் மூடிய கதவு எப்போது திறக்கும் என்று தெரியாமல் ஜூலை வந்தது. நாட்டின் கற்பித்தல் முழுவதும் ஆசிரியரின் போனில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஜூலை 8, வியாழக்கிழமை. பாராளுமன்றத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆர்ப்பாட்டம். கொத்தலாவல தேசிய பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்துக்கு எதிராக மாணவர் அமைப்புகளும் ஆசிரியர் சங்கங்களும் கூடியிருந்தன. உயர் கல்விக்குள் இராணுவ நிர்வாகத்தையும் காசு கட்டிப் படிக்கும் முறையையும் இது கொண்டுவரும் என்பது அவர்களுடைய வாதம். 1945இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி என்ற சொல் அன்று பல பதாகைகளில் இருந்தது.

பொலிஸார் ஆர்ப்பாட்டக்காரர் பலரைக் கைதுசெய்தனர். அவர்களில் ஒருவர் இலங்கை ஆசிரியர் சங்கத்தின் பொதுச் செயலாளர் ஜோசப் ஸ்டாலின். நீதிமன்றம் பிணை கொடுத்தது. வெளியே வந்தவர்களை வீட்டுக்குப் போக விடவில்லை. கொரோனாத் தனிமைப்படுத்தல் என்று சொல்லி, வலுக்கட்டாயமாக வாகனத்தில் ஏற்றினார்கள்.

வாகனம் வடக்கே திரும்பியது. முல்லைத்தீவு மாவட்டம். கேப்பாப்புலவு. விமானப்படை முகாம்.

தமிழ் வாசகருக்கு அந்தப் பெயரைப் பற்றி ஒரு வரி போதும். 2017 ஜனவரி 31 அன்று, படையினர் வசமிருந்த தங்கள் காணியைத் திருப்பிக் கேட்டு பிலக்குடியிருப்புச் சனம் தெருவோரம் வந்து இருந்தது அந்த முகாம் வாசலில்தான். குழந்தைகளோடு, பனியிலும் வெயிலிலும், ஒரு மாதம். தெற்கின் தொழிற்சங்கக்காரர்களுக்கு அன்றிரவு அந்த இடத்தின் கதை எவ்வளவு தெரிந்திருந்ததோ. போராடினால் எங்கே கொண்டுபோய் வைப்பார்கள் என்பதை வன்னியில் வைத்தே பாடம் எடுத்த மாதிரி ஆகிவிட்டது.

சங்கங்கள் கூடின. கையில் என்ன ஆயுதம் இருக்கிறது? பாடசாலை மூடியிருக்கிறது. மூடிய பாடசாலைக்குப் போகமாட்டோம் என்று எப்படி வேலைநிறுத்தம் செய்வது? ஊர்வலம் போனால் தனிமைப்படுத்தல் சட்டம்.

அப்போதுதான் அந்த எளிய உண்மை யாருக்கோ உறைத்திருக்க வேண்டும். அரசாங்கம் கல்வி நடக்கிறது என்று சொல்லிக்கொண்டிருப்பது எங்கள் போனில். எங்கள் டேற்றாவில். அந்தப் போனை அணைத்தால்?

* * *

திங்கட்கிழமை

ஜூலை 12. வழமையாகக் காலை 7.30 மணிக்கே “வணக்கம் பிள்ளைகள்” என்று ஒலிக்கத் தொடங்கும் குழுக்கள் அன்று மௌனமாக இருந்தன.

ஆசிரியர் சங்கங்களும் அதிபர் சங்கங்களும் நாடு முழுவதும் ஒன்லைன் கற்பித்தலில் இருந்து விலகின. யாழ்ப்பாணமும் அதில் சேர்ந்தது. சிங்கள ஆசிரியரும் தமிழ் ஆசிரியரும் முஸ்லிம் ஆசிரியரும் ஒரே கோரிக்கைக்காக ஒரே காலையில் ஒரே வேலையைச் செய்யாமல் விட்டார்கள். இந்த நாட்டில் அடிக்கடி காணக்கூடிய காட்சி இல்லை அது.

முதலில் கேட்டது பிடித்து அடைக்கப்பட்டவர்களின் விடுதலை. அவர்கள் சில நாட்களில் வெளியே வந்தார்கள். ஆனால் போன்கள் திறக்கவில்லை. கேப்பாப்புலவு ஒரு பழைய புண்ணைக் கீறிவிட்டிருந்தது: 24 வருடச் சம்பள முரண்பாடு. 1997இல் தொடங்கி, ஆணைக்குழுக்கள், வாக்குறுதிகள், சுபோதினி குழு அறிக்கை என்று நீண்டு, தீராமல் கிடந்த கணக்கு. ஒரே தகுதி, ஒரே காலச் சேவை உள்ள மற்ற அரச உத்தியோகத்தரைவிடத் தாங்கள் பின்தங்கிப்போனோம் என்பது ஆசிரியர்களின் முறைப்பாடு.

இதற்கு முன்னும் அதைப் பற்றி எத்தனையோ தடவை வேலைநிறுத்தம் செய்திருக்கிறார்கள். ஏன் இம்முறை மட்டும் இவ்வளவு உறுதி? சம்பளம் ஒரு காரணம். என் எண்ணத்தில் அதைவிடப் பெரிய காரணம் பதினாறு மாத றீலோட். அரசாங்கத்தின் வேலையை அரசாங்கத்தின் கட்டடத்தில் அரசாங்கத்தின் வெண்கட்டியால் செய்தவரை, சொந்த வீட்டில் சொந்தப் போனில் சொந்தக் காசில் செய்ய வைத்தார்கள். வேலை செய்வதற்கே காசு கட்டுகிறவருக்கு, அந்த வேலையை நிறுத்தினால் முதல் நாளே மிச்சம்.

* * *

நூறு நாள்

ஒரு கிழமை என்று நினைத்தது ஒரு மாதமாகியது. ஓகஸ்ட்டில் டெல்ற்றா வகைத் தொற்று நாட்டை அடித்தது, மறுபடி ஊரடங்கு. செப்டெம்பரும் போனது. அரசாங்கம் இடைக்காலக் கொடுப்பனவாக 5,000 ரூபா என்றது. சங்கங்கள் வேண்டாம் என்றன.

வீடுகளில் என்ன நடந்தது? இதில்தான் எனக்கு மனம் ஒப்பாத பகுதி வருகிறது. ஆசிரியர்களின் நியாயத்தை மேலே எழுதிவிட்டேன். இதையும் எழுத வேண்டும்.

ரியூட்டரி ஓடியது. கட்டணம் கட்டக்கூடிய வீட்டுப் பிள்ளைக்கு அந்த நூறு நாளில் ஒரு பாடமும் தவறவில்லை. கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கு இருந்த ஒரே பள்ளிக்கூடம் ரீச்சரின் வட்ஸ்அப். அதுதான் அணைந்தது. அடகு வைத்து வாங்கிய போன் வீட்டில் கிடந்தது. அதில் விளையாட்டு மட்டும் மிஞ்சியது. உயர்தர வயதுப் பெடியன்கள் சிலர் மேசன் வேலைக்குக் கைகொடுக்கப் போனார்கள், சிலர் தகப்பனோடு கடலுக்குப் போனார்கள். நாளுக்கு இரண்டாயிரம், மூவாயிரம் கையில் புழங்கத் தொடங்கிய பெடியனைத் திரும்ப வாங்கில் இருத்துவது இலேசில்லை.

சங்கத்தில் இருந்த சில ஆசிரியர்கள் குழுவில் பாடம் போடாமல், தெரிந்த பிள்ளைகளுக்கு இரவில் தனியாக அழைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். பெயர் சொல்ல அவர்களும் விரும்பமாட்டார்கள், நானும் சொல்லமாட்டேன். வேலைநிறுத்தத்தை முறித்தவர் என்று அவர்களைச் சொல்வதா, வேறு ஏதாவது சொல்வதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

வேலை செய்துகொண்டு படித்த பெரியவர்களின் வகுப்பு இந்த நூறு நாளிலும் தன்பாட்டில் போனது. அதிலும் ஒரு வேடிக்கை: பகலில் போனை அணைத்துப் போராடிய ஆசிரியர், இரவில் அதே போனைத் திறந்து தன் கல்வி டிப்ளோமா விரிவுரையைக் கேட்டார். கற்பிக்க மறுத்த திரையில் கற்றார்.

* * *

முதலில் அடித்த மணி

ஒக்டோபரில் பேச்சு நகர்ந்தது. 21, வியாழக்கிழமை, 200 பிள்ளைகளுக்குக் குறைந்த பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுகளைத் திறப்பதென்று அரசாங்கம் முடிவெடுத்தது. அன்றும் மறுநாளும் வரமாட்டோம், 25 திங்களன்று வருகிறோம் என்றன சங்கங்கள். திங்களன்று வந்தார்கள். ஜூலை 12இல் இருந்து எண்ணினால் 105 நாள். சம்பள முரண்பாட்டுக்கென்று 30 பில்லியன் ரூபா அடுத்த மாத வரவுசெலவுத் திட்டத்தில் ஒதுக்கப்பட்டது. 2022 ஜனவரி முதல் கையில் வரும் என்றார்கள்.

200 பிள்ளைகளுக்குக் குறைந்த பாடசாலை என்றால் எவை? தீவுப் பகுதிப் பள்ளிக்கூடங்கள். மீள்குடியேறிய கிராமங்களின் பள்ளிக்கூடங்கள். போர்க்காலத்தில் சனம் போய், பிள்ளைகள் குறைந்து, இழுத்து மூடலாமா என்று அதிகாரிகள் கோப்புகளில் எழுதி வைத்திருந்தவை. சூம் எட்டாத அந்த இடங்களில்தான் மணி முதலில் அடித்தது.

பெரிய கல்லூரிகள் திறக்க இன்னும் சில கிழமை ஆனது. உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரி 7க்குத் தள்ளிப்போயிருந்தது.

வட்ஸ்அப் குழுக்களை யாரும் கலைக்கவில்லை. நாளைக்கு என்ன கொப்பி, எப்போது பெற்றோர் கூட்டம் என்ற அறிவித்தல்களோடு அவை கிடந்தன. திறந்த பல்கலைக்கழக மாணவர்களில் பலர் சனிக்கிழமை பஸ்சுக்குத் திரும்ப மனமில்லாமல், விரிவுரைகளை இப்படியே வைத்திருங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். இனி ஒரு தடவை பள்ளிக்கூடம் மூட வேண்டி வந்தாலும் பயமில்லை, போன் இருக்கிறது, பழகிவிட்டோம் என்று ஆசிரியர்களே சொன்னார்கள்.

அப்படிச் சொன்ன சூடு ஆறுவதற்குள் 2022 மார்ச் வந்தது. டொலர் இல்லை என்றார்கள். மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைக்குக் கடதாசி இல்லை. மார்ச் 31 அன்று நாட்டில் 13 மணி நேர மின்வெட்டு. ஜூனில் பெற்றோல் இல்லை என்று பாடசாலையை மூடி, ஒன்லைனில் படிப்பியுங்கள் என்று அறிவித்தார்கள்.

பெற்றோல் இல்லாததால் பள்ளிக்கூடத்துக்குப் போக முடியாது. மின்சாரம் இல்லாததால் போனுக்கும் போக முடியாது. வல்வெட்டித்துறையிலோ வேலணையிலோ இருந்த ஓர் ஆசிரியர், அந்த ஜூன் மாதத்துக் காலையில் சைக்கிளை எந்தப் பக்கம் திருப்பினார்?

(தொடரும்)